பயம் போனால் வேலை நடக்கும்

ஆலோசனை சொல்லிப் பிழைக்கும் தொழில் மைசூருக்குப் புதிதல்ல. மைசூரில் வாழ்ந்து எழுதிய தமிழர் ஆர்.கே. நாராயண், 1952-ல் வெளிவந்த 'தி பைனான்சியல் எக்ஸ்பர்ட்' நாவலில் மார்க்கய்யா என்று ஒருவரைப் படைத்தார். கூட்டுறவு நில அடமான பாங்கிக்கு எதிரே, ஆலமரத்தடியில் தகரப் பெட்டியுடன் உட்கார்ந்திருப்பார். கடன் வாங்க வரும் கிராமத்தாருக்கு வழி சொல்வார். அவருக்கு மேலே முதலாளியும் இல்லை. கீழே குமாஸ்தாவும் இல்லை.

இன்று மண்டி மொஹல்லா போன்ற வியாபாரப் பேட்டைகளில் மார்க்கய்யாவின் வாரிசுகள் மாடி அறைகளில் ஆபீஸ் போட்டிருக்கிறார்கள். வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், லைசென்ஸ், பாங்கிக் கடனுக்கான விண்ணப்பம் எல்லாம் அங்கே நடக்கும். முதலாளி ஒருவர், ஊழியர்கள் நாலைந்து பேர். அந்த நாலைந்து பேரில் நம்மவர்களும் உண்டு.

பெரிய கம்பெனி என்றால் யூனியன் இருக்கும். குறை கேட்கத் தனி அதிகாரி இருப்பார். சின்ன ஆபீசில் முதலாளியின் முகம்தான் சட்டப் புத்தகம். காலையில் அந்த முகம் எப்படியோ, அன்றையப் பொழுதும் அப்படியே!

இதை மாற்ற முடியுமா? முடியும். அதற்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை.

மறைத்த தப்பு

மாதாமாதம் ஜி.எஸ்.டி. கட்டும் வியாபாரிக்கு மறு மாதம் 20-ந் தேதி கெடு. ஒரு கட்சிக்காரரின் ரிட்டர்ன் விட்டுப்போனதை 21-ந் தேதி குமாஸ்தா கவனிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே சொன்னால் தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 50 ரூபாயோடு போகும். திட்டு விழுமே என்று பயந்து ஒரு மாதம் மூடி மறைத்தால் 1,500 ரூபாய் ஆகும். கட்ட வேண்டிய வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி வேறு. கட்சிக்காரரின் நம்பிக்கையும் போய்விடும்.

இந்த நஷ்டத்துக்குக் காரணம் தப்பு மட்டுமல்ல, பயமும்தான்.

இதைப் பெரிய தொழிற்சாலைகள் என்றோ கண்டுகொண்டன. அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950-ல் ஜப்பானுக்குப் போய்த் தரம் பற்றிப் பாடம் நடத்தினார். நிர்வாகிகளுக்கு அவர் பின்னாளில் வகுத்த 14 அம்சங்களில் எட்டாவது, வேலை செய்யும் இடத்திலிருந்து பயத்தை விரட்ட வேண்டும் என்பது. டொயோட்டா தொழிற்சாலையில் கோளாறு கண்ட சாதாரணத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம். டெமிங் பெயரால் ஜப்பான் வழங்கும் பரிசை இந்தியாவில் முதலில் பெற்றது, சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு. ஆண்டு 1998.

அந்த மருந்து மாடியறை ஆபீசுக்கும் பொருந்தும். தப்பைச் சொன்னவரைக் கட்சிக்காரர் முன்னால் திட்டாமல், தப்பு எப்படி நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். கெடு தேதிகளைச் சுவரில் எழுதி மாட்டினால் பாதித் தப்பு குறையும். தினமும் காலையில் பத்து நிமிஷம் எல்லோரும் சேர்ந்து அதைப் பார்த்தால் மீதியும் குறையும்.

'நீ'யா, 'நீங்கள்' என்பதா?

தமிழில் 'நீ', 'நீங்கள்' என்று இரண்டு உண்டு. கன்னடத்தில் 'நீனு', 'நீவு'. உருதுவில் 'து', 'ஆப்'. மூன்று மொழியும் புழங்கும் ஊரில் எந்த மொழியில் பேசினாலும், எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பதில் மரியாதை இருக்கிறது. டீ வாங்கி வரும் பையனுக்கும் மரியாதைச் சொல் கிடைக்கிற ஆபீசில் மற்றவர்களுக்குக் குறைவு வராது.

இதில் நம் பங்கும் இருக்கிறது. கன்னடக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தமிழர் இருவர் தமிழில் பேசிச் சிரித்தால், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று அவர் நினைப்பார். வேலை விஷயத்தை எல்லோருக்கும் புரிகிற மொழியில் பேசுவதே முறை. வீட்டில் தமிழ் வளரட்டும். ஆபீசில் கன்னடமும் கற்றுக்கொள்வோம்.

பொரியும் ஒரு தாளும்

தசரா வந்தால் சின்ன ஆபீசிலும் ஆயுத பூஜை உண்டு. கம்ப்யூட்டருக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் குங்குமம் வைப்பார்கள். பொரி, கடலை, ஸ்வீட் எல்லாம் கிடைக்கும். சந்தோஷம்தான். ஆனால் பூஜை ஒரு நாள். சம்பளம் பன்னிரண்டு மாதம். சம்பளத் தேதி 1, 5, 10 என்று நகர்ந்துகொண்டே போனால், பொரி கொடுத்த கை மறந்துபோகும்.

ஆகவே நல்ல மனசு இருந்தால் மட்டும் போதாது; அது தாளில் ஏற வேண்டும். சம்பளத் தேதி, வேலை நேரம், லீவு நாட்கள், கெடு நாளில் இரவு தங்கினால் அதற்கு ஈடு என்ன என்று ஒரே ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் சண்டை குறையும். நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பைக் கர்நாடகத்தின் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் 1961-லேயே வகுத்தது. நின்றபடியே வேலை பார்க்கும் கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டத்தைத் திருத்தின. ஒரு ஸ்டூல் போடுவதற்கே சட்டம் தேவைப்பட்டிருக்கிறது!

பெண்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் (2013) சின்ன ஆபீசுக்கும் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள இடத்தில் தனிக் குழு இருக்காது. புகாரை மாவட்டத்திலுள்ள உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். கெடு மூன்று மாதம்.

முதலாளிகள் கேட்கலாம்: "இத்தனையும் செய்தால் எனக்கு என்ன லாபம்?" லாபம் உண்டு. எந்தக் கட்சிக்காரரின் பைல் எந்த அலமாரியில் இருக்கிறது, யாருடைய கணக்கில் எங்கே சிக்கல் என்பதெல்லாம் பழைய குமாஸ்தாவின் தலையில் இருக்கிறது. அவர் மனம் கசந்து பக்கத்துத் தெரு ஆபீசுக்குப் போனால் அத்தனையும் அவரோடு போய்விடும். ஆள் நிலைத்து நிற்கும் ஆபீசில்தான் வாடிக்கையும் நிலைத்து நிற்கும்.