திருச்சிராப்பள்ளி அறிக்கை: சுவரில் எழுந்த விடுதலைக் குரல்

நுழையும்முன்

போர் என்றவுடன் வாளும் பீரங்கியுமே நம் நினைவுக்கு வரும். ஆனால், மண்ணைக் கவர வந்தோரும் அதனைக் காக்க நின்றோரும் எழுத்தையும் படைக்கருவியாகக் கொண்டனர். 1801ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்ட ஓர் அறிக்கை இதற்குச் சான்றாகும்.

வரியால் விளைந்த போர்

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி ஆங்கிலேயரிடம் பெருங்கடன்பட்டார். 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால், பாளையக்காரர்களிடம் கப்பம் பெறும் உரிமை கிழக்கிந்திய நிறுவனத்தின் கைக்குச் சென்றது. பாளையக்காரர்களின் கருத்தைக் கேளாமலேயே அவர்களது மண்ணின் வருவாய் கைமாறியது. இதனை எதிர்த்த வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவர்தம் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். மே மாதத்தில் அக்கோட்டை வீழ்ந்ததும் அவர் சிவகங்கைக்குச் சென்றார். அவருக்கு மருது சகோதரர்கள் அடைக்கலம் அளித்தனர். போர் சிவகங்கைச் சீமைக்கும் பரவியது.

சுவரில் எழுந்த குரல்

1801 ஜூன் 16இல் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை, திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் அரண்மனைச் சுவரிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. முன்னது ஆட்சியின் வாயில்; பின்னது மக்கள் நாள்தோறும் திரளும் இடம்.

அறிக்கை எந்த ஒரு குலத்தையும் தனித்து விளிக்கவில்லை. பல சாதியினரையும் இசுலாமியரையும் ஒருசேர அழைத்தது. நம்மிடையே ஒற்றுமை இல்லாமையே அந்நியருக்கு இடம் தந்தது என இடித்துரைத்தது. உண்ணும் உணவும் நீராகிப்போன வறுமையைச் சுட்டியது. நிறுவனத்தின் படையில் பணிபுரிந்த இந்திய வீரர்களையும் எதிர்த்தெழுமாறு வேண்டியது. படிப்போர் அதனைப் படியெடுத்துப் பரப்ப வேண்டும் என்றும் சுவரிலிருந்து கிழிப்போர் பெரும்பாவத்திற்கு ஆளாவர் என்றும் கூறியது.

நிறுவனமும் எழுத்தாலேயே விடையிறுத்தது. 1801 ஜூலை 31இல் செய்துகொண்ட கர்நாடக உடன்படிக்கையால் நவாபின் ஆட்சியுரிமையைத் தனதாக்கிக்கொண்டது. அக்டோபரில் காளையார்கோயில் வீழ்ந்தது. அம்மாதம் 24ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். 1802இல் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட 73 பேர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர்.

கடல் கடந்த ஒப்புமை

இத்தகைய போராட்டம் நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்கும் நேர்ந்தது. 1840 பிப்ரவரி 6இல் அவர்தம் தலைவர்கள் வைத்தாங்கியில் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்தனர். அதன் ஆங்கிலப் படி, இறையாண்மை முழுவதையும் ஆங்கிலேயருக்கு அளித்தது. மாவோரிப் படியோ ஆளுகையை மட்டுமே அளித்து, நிலத்தின் மீதான தலைமையைத் தலைவர்களிடமே நிறுத்தியது. 1845 முதல் 1872 வரை நிகழ்ந்த போர்களில் இவ்வேறுபாடும் குடியேறிகளின் நிலவேட்கையும் முதன்மைக் காரணங்களாயின. 1863ஆம் ஆண்டுச் சட்டம் எதிர்த்தோரின் நிலங்களைப் பறிமுதல் செய்ய வழிவகுத்தது. அங்கே குடியேறிகள் நிலத்தையே நாடினர். இங்கே நிறுவனம் நிலத்தின் வரியை நாடியது. எனினும், மண்ணுக்கு உரியோரின் இசைவின்றி அதன் உரிமையை எழுத்தால் மாற்றும் முறை இரண்டு இடங்களிலும் ஒன்றே.

எஞ்சி நின்ற எழுத்து

திருச்சிராப்பள்ளியில் ஒட்டிய தாள் இன்று அச்சுவரில் இல்லை. ஆயினும் அதன் செய்தி அழியவில்லை. அதனை ஒடுக்க முனைந்த நிறுவனமே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தன் ஆவணங்களில் சேர்த்து வைத்தது. படியெடுத்துப் பரப்புக என்ற சின்ன மருதுவின் வேண்டுகோளைப் பகைவரும் தம்மை அறியாமல் நிறைவேற்றினர். வாளால் வீழ்ந்தோரின் குரல் எழுத்தால் இன்றும் ஒலிக்கிறது.