ஊருக்குச் சொல்ல வேண்டாம், உரியவரிடம் சொல்லுங்கள்

எச்.ஐ.வி.யோடு ஐம்பது வயதைத் தாண்டுகிறவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்வது எப்படி?

மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அதே ஆண்டில்தான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அந்த நாளில் இந்த நோய் என்றாலே மரணம் என்றுதான் பொருள். "இன்னும் எத்தனை வருடம் இருப்பேன், டாக்டர்?" என்பதே நோயாளியின் முதல் கேள்வியாக இருந்தது.

இன்று கேள்விகள் மாறிவிட்டன. "இனிப்புநீர் மாத்திரையை இதோடு சேர்த்துச் சாப்பிடலாமா?", "முட்டி வலிக்கிறதே, ஊசி போட்டுக்கொள்ளலாமா?", "எனக்கு முடியாமல் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்?" இவை முதுமையை எட்டப்போகிற எல்லாருக்கும் வரும் கேள்விகள்தாம். ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர் இவற்றை யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாமல் தவிக்கிறார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஆயுளைத் தந்த மருந்து

1996-இல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை வந்தபோது நிலைமை தலைகீழாக மாறியது. ஆனால் அதன் விலை ஏழைகளுக்கு எட்டவில்லை. 2003-இல் மலேசிய அரசாங்கம் காப்புரிமை உள்ள சில மருந்துகளின் மலிவான வடிவங்களை இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்ய உத்தரவிட்டது. 2006 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு முதல் வரிசை மருந்துகள் இலவசமாகவே கிடைத்து வருகின்றன. அன்று முப்பது வயதில் சிகிச்சை தொடங்கியவருக்கு இன்று ஐம்பது வயது. காலத்தோடு மருந்தைத் தொடங்கி விடாமல் எடுப்பவரின் ஆயுள் ஏறக்குறைய மற்றவர்களின் ஆயுளை ஒட்டியே இருக்கிறது.

ஆயினும் கிருமி அடங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக்கூடாது. மருந்தால் அடங்கிய நிலையிலும் உடலுக்குள் ஒரு மெல்லிய அழற்சி புகைந்துகொண்டே இருக்கிறது. அது ரத்தக் குழாய்களைப் பாதிக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இருதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. சில மருந்துகள் எலும்பையும் சிறுநீரகத்தையும் தேய்க்கக்கூடியவை. புகைப்பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இந்தியா, தாய்லாந்து உட்பட 12 நாடுகளில் 40 முதல் 75 வயது வரையுள்ள 7,769 எச்.ஐ.வி. நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2023-இல் வெளிவந்தது. தினமும் ஒரு கொழுப்புக் குறைப்பு மாத்திரை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 விழுக்காடு குறைந்திருந்தன. நாற்பதைத் தாண்டியவர்கள் அடுத்த முறை கிளினிக்குப் போகும்போது, "எனக்கு அந்த மாத்திரை தேவையா?" என்று டாக்டரிடம் கேட்பது நல்லது.

மூன்று வேலைகள்

நாட்பட்ட நோயோடு வாழ்பவருக்கு மூன்று வேலைகள் உண்டு என்று கார்பின், ஸ்ட்ராஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1988-இல் விளக்கினார்கள். முதலாவது, மருந்தையும் உடலையும் கவனிப்பது. இரண்டாவது, வீட்டிலும் வேலையிடத்திலும் தன் பங்கை விடாமல் செய்வது. மூன்றாவது, மனத்தைச் சமாளிப்பது. இந்த மூன்றில் எதை விட்டாலும் மற்ற இரண்டும் ஆட்டம் காணும்.

மருந்து வேலை

மாத்திரையை அன்றாடம் தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு முடிந்துவிட வேண்டும். காலையில் பல் துலக்கியதும் அல்லது சாமி விளக்கேற்றியதும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஏழு நாள் பெட்டியில் போட்டு வைத்தால், சாப்பிட்டோமா இல்லையா என்ற குழப்பமும் வராது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது கூடுதலாகச் சில நாள் மருந்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று இடையில் நிறுத்துவது பெரும் தவறு. அப்படி விட்டுவிட்டு மருந்து எடுத்தவர்களிடையே நோயும் மரணமும் கூடின என்பதை 2006-இல் வெளிவந்த அனைத்துலக ஆய்வு காட்டியது.

அடுத்தது, மருந்தும் மருந்தும் மோதிக்கொள்வது. 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இனிப்புநீர். அதிலும் இந்தியர்களிடையேதான் மிக அதிகம். ஆகவே எச்.ஐ.வி. உள்ள நம்மவர் பலர் ஐம்பது வயதுக்குள் இனிப்புநீர் மருந்தும் எடுக்க வேண்டி வரலாம். இப்போது பலருக்குத் தரப்படும் டோலுடெக்ராவிர் என்ற மருந்து, இனிப்புநீருக்கான மெட்ஃபோர்மினின் அளவை ரத்தத்தில் உயர்த்திவிடும். எனவே மெட்ஃபோர்மின் அளவை டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வயிற்றுப் புளிப்புக்குக் கடையில் வாங்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்துகளோ டோலுடெக்ராவிர் உடலில் சேரவிடாமல் தடுக்கும். டோலுடெக்ராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் எடுக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளை வெறும் வயிற்றில் எடுத்தாலும் இதே விதிதான். சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே எடுக்கலாம்.

முட்டி வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியிலும் கவனம் வேண்டும். ரிட்டோனாவிர் சேர்ந்த எச்.ஐ.வி. மருந்து எடுப்பவருக்கு அந்த ஊசி மருந்து உடலில் கரையாமல் தேங்கி, முகம் வீங்குதல், சர்க்கரை ஏறுதல் போன்ற தொல்லைகளைத் தரலாம். தாமானில் இருக்கும் தனியார் கிளினிக்கில் நோயை மறைத்து ஊசி போட்டுக்கொண்டால் அந்த டாக்டருக்கு இது எப்படித் தெரியும்? மறைத்த ரகசியம் மறைத்தவரையே தாக்குகிறது.

ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பெண்கள் கருப்பைவாய்ப் பரிசோதனையை விடக்கூடாது. சளிக்காய்ச்சல், நிமோனியா, ஹெப்பாட்டைட்டிஸ் பி தடுப்பூசிகளைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

பங்கு வேலை

பேரப்பிள்ளையைத் தூக்கினால் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து ஒதுங்கி நிற்கும் தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை. தொடுவதாலும், முத்தத்தாலும், ஒரே தட்டில் சாப்பிடுவதாலும், ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதாலும் இது பரவாது. கணவன் மனைவிக்குள்ளும் அப்படித்தான். 2016-இலும் 2019-இலும் வெளியான ஐரோப்பிய ஆய்வுகளில், மருந்தால் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவின் மூலம் துணைக்கு ஒரு தொற்றுகூடப் பரவவில்லை. ஆகவே பேரனுக்குச் சோறு ஊட்டலாம், கோயில் திருவிழாவில் சமைக்கலாம், வேலைக்கும் போகலாம். பங்கை விட்டு ஒதுங்குவதுதான் முதுமையை முன்கூட்டியே வரவழைக்கிறது.

மன வேலை

மூன்றில் மிகக் கடினமானது இதுதான். மருந்துப் புட்டியின் பெயர்த்தாளைக் கிழிப்பது, "இது சத்து மாத்திரை" என்று பொய் சொல்வது, தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று தூரத்து மருத்துவமனைக்குப் போவது என்றே பலருடைய ஆண்டுகள் கழிகின்றன. கூட இருந்த நண்பர்கள் 1990-களிலேயே இறந்துபோன துக்கமும் சிலருக்கு உண்டு. தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் ஆசையின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மறதியையும் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடக்கூடாது. நெடுநாள் மெட்ஃபோர்மின் எடுப்பவருக்கு வைட்டமின் பி12 குறைந்தும் மறதி வரலாம். அதைச் சரிசெய்ய முடியும்.

எல்லாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு இடத்தில் சொன்னால் போதும். ஒன்று, மருந்து எழுதித் தரும் ஒவ்வொரு டாக்டரிடமும் மருந்தாளரிடமும். மற்றொன்று, நம்பிக்கைக்குரிய ஒரே ஒருவரிடம். அவர் தங்கையாக இருக்கலாம், மூத்த மகளாக இருக்கலாம், பழைய நண்பராகவும் இருக்கலாம். முன்பு சொன்ன ரகசியத்தைக் காப்பாற்றியவரா என்று பாருங்கள். எய்ட்ஸ் பற்றிய ஒரு செய்தியைப் பொதுவாகப் பேசி, அவர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். சொல்லும்போது, "மருந்து எடுக்கிறேன், என்னால் யாருக்கும் பரவாது" என்பதையே முதலில் சொல்லுங்கள். குடும்பத்தில் அப்படி ஒருவர் இல்லையென்றால் 1992-இல் அமைந்த மலேசிய எய்ட்ஸ் மன்றத்தையும் அதன் பங்காளி அமைப்புகளையும் நாடலாம்.

கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு. ஒருவர் நம்பிச் சொல்லும்போது, "யாரிடமிருந்து வந்தது?" என்ற கேள்விதான் நம் வாயில் முதலில் வரும். அதை விழுங்கிவிடுங்கள். "அண்ணே, சாப்பிட்டீங்களா? இன்றைக்கு மருந்து போட்டீங்களா?" என்று கேளுங்கள். மாத்திரை செய்ய முடியாததை அந்த ஒரு கேள்வி செய்யும்.