மதுரை எரிந்ததும் ஓர் ஆடி வெள்ளியில்தான்!

ஆடி வெள்ளி என்றால் மதுரை அம்மன் கோயில்களில் நுழையவே இடம் இருக்காது. கூழ், வேப்பிலை, எலுமிச்சை விளக்கு என்று ஊரே களைகட்டும். ஆனால், இதே மதுரை தீயில் வெந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லும் நாளும் ஓர் ஆடி வெள்ளிதான்!

தேதி சொன்ன தெய்வம்

அரசியின் சிலம்பைத் திருடிய அரண்மனைப் பொற்கொல்லன், பழியைக் கோவலன் மேல் போடுகிறான். பாண்டிய மன்னன் விசாரிக்கவே இல்லை. கோவலன் வெட்டிக் கொல்லப்படுகிறான். கண்ணகி அவைக்கு வந்து சிலம்பை உடைத்து உண்மையைக் காட்ட, அரசன் அங்கேயே உயிர் விடுகிறான். அதன்பிறகும் அடங்காத அவள் கோபத்தில் நகரம் பற்றி எரிகிறது.

அப்போது மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி அவள் முன் வருகிறது. ஆடி மாதம், தேய்பிறை அஷ்டமி, வெள்ளிக்கிழமையில் மதுரை எரியும் என்று முன்பே ஒரு சொல் உண்டு என்கிறது. பஞ்சாங்கம் போல அத்தனை துல்லியம்! இந்தக் குறிப்பை வைத்துக் கணக்குப் போட்ட எல்.டி.சாமிக்கண்ணுப் பிள்ளை, அது கி.பி. 756-ம் ஆண்டு என்றார். அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை.

விழாவில் விழுந்த விரிசல்

எரிந்த நாளை விழா நாள் என்று இளங்கோவடிகள் சொல்லவில்லை. ஆனால், கதையின் முதல் விரிசல் விழாவில்தான் விழுகிறது. புகாரில் 28 நாள் இந்திர விழா. அது முடிந்து, முழுநிலா நாளில் ஊரே கடலாடப் போகிறது. கோவலனும் மாதவியும் கடற்கரையில் யாழ் மீட்டிப் பாடுகிறார்கள். அவன் பாட்டில் வேறொருத்தி இருப்பதாக அவளுக்குச் சந்தேகம். அவளும் பதிலுக்குப் பாட, அவனுக்கும் சந்தேகம். எழுந்து போனவன் திரும்பவே இல்லை. கண்ணகியோடு மதுரைக்கு நடந்தான்.

திருவிழாவில் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். யாரும் எதற்கும் பயப்படுவதில்லை. அதனால்தான் அங்கே நடக்கும் துயரம் இரண்டு மடங்காக வலிக்கிறது. 1992 தீபாவளிக்கு வந்த ‘தேவர் மகன்’ படத்தில் கோயில் விழாவில் குண்டு வெடிக்கும் காட்சியும் இப்படித்தான் உலுக்கியது.

துயரமே விழாவானது

மதுரை எரிந்தபின் பாண்டிய நாட்டில் மழை இல்லை, வறுமை, நோய். கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்கு விழா எடுத்தான். மழை பெய்தது என்கிறது காப்பியம். இலங்கை மன்னன் கயவாகுவும் ஆடி மாதத்தில் அவளுக்கு விழா எடுத்தானாம். இன்றும் கண்டியில் ஆடியை ஒட்டி நடக்கும் எசல பெரஹராவில் பத்தினி தெய்வத்தின் ஊர்வலமும் உண்டு.

செழியன் எடுத்த விழாவில் ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. அவன் கண்ணகிக்குப் பலி கொடுத்தது ஆயிரம் பொற்கொல்லர்களை! பொய் சொன்னவன் ஒருவன். உயிர் விட்டவர்கள் ஆயிரம் பேர். காப்பியம் இதை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. கோவலனுக்காக ‘விசாரித்தாயா?’ என்று கேட்க ஒரு கண்ணகி இருந்தாள். அந்த ஆயிரம் பேருக்காகக் கேட்க யாரும் வரவில்லை.