சுரங்க லைனிலிருந்து தேயிலை லயத்துக்கு: ஏழு நாள் பயணமும் எட்டாத கடல்வழியும்

ராபர்ட்சன்பேட்டை:

பொழுது விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் ரயில்களில், கோலார் தங்கவயலின் உழைக்கும் தலைமுறை ஒன்று நாள்தோறும் பயணம் செய்கிறது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெருநகரமே இம்மக்களுக்குச் சோறு போடுகிறது. போக வர நாலைந்து மணி நேரத்தை ரயிலிலேயே கழிக்கும் இவ்விளைஞர்கள், நண்பர்கள் நால்வராகச் சேர்ந்து ஒரு வாரம் அயல்நாடு ஒன்றைச் சுற்றிவர விரும்பினால் அது நடக்கக்கூடியதா? நடக்கும். ஆனால் அதை முடிவு செய்வது அவர்களுடைய சேமிப்பு மட்டுமல்ல. இரண்டு அரசுகளின் கொள்கையும்தான்.

எந்த நாடு?

இந்தியர்கள் குறைந்த செலவில் செல்லத்தக்க அழகிய நாடுகள் என்று நேபாளம், பூடான், இலங்கை ஆகிய மூன்றையும் சொல்வது வழக்கம். நேபாளத்துக்கு வாக்காளர் அடையாள அட்டையே போதும். ஆனால், தங்கவயலிலிருந்து எல்லையை அடைந்து திரும்புவதற்கே ஏழு நாளில் பெரும்பகுதி ரயிலில் கழிந்துவிடும். பூடானுக்கும் விசா தேவையில்லை. எனினும் 2022 செப்டம்பர் முதல் அந்நாடு இந்தியப் பயணிகளிடமும் ஓர் இரவுக்கு ரூ.1,200 வீதம் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் வசூலித்து வருகிறது. ஆறு இரவுகளுக்கு ஆளுக்கு ரூ.7,200. அறை வாடகையும் சாப்பாடும் இதற்கு அப்பால்தான். எஞ்சியிருப்பது இலங்கை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கடல்வழித் தூரம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். கப்பலில் நான்கு மணி நேரப் பயணம்.

இலங்கைக்குக் கடவுச்சீட்டு கட்டாயம். 36 பக்கங்கள் கொண்ட சாதாரணக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் ரூ.1,500. இது பத்தாண்டுகளுக்குச் செல்லும் என்பதால் ஒருமுறைச் செலவே. புறப்படுமுன் இணையவழியில் பயண அனுமதி பெற வேண்டும். 2023 நவம்பரில் இந்தியா உள்ளிட்ட ஏழு நாட்டவருக்கு விசா கட்டணத்தை இலங்கை ரத்து செய்தது. அதன்பின் இவ்விதிகள் பலமுறை மாறியுள்ளதால், பயணத் தேதியை முடிவு செய்யும்போது அந்நாட்டு அரசின் அறிவிப்பைப் பார்ப்பதே நல்லது. 2024 பிப்ரவரி 12-ஆம் தேதி முதல் அங்குள்ள கடைகளில் இந்தியாவின் யுபிஐ முறையில் பணம் செலுத்தும் வசதியும் தொடங்கப்பட்டுள்ளது. இருப்பினும் தோட்டப்புறத் தேநீர்க் கடைகளில் கைப்பணமே செல்லும்.

ஏழு நாளுக்கு ஒரு திட்டம்

குறைந்த செலவுப் பயணத்தின் முதல் விதி, எல்லாவற்றையும் பார்த்துவிட முயலாதிருப்பது. காலி, சிகிரியா, கொழும்பு என்று பட்டியல் நீண்டால் பணமும் நாளும் சாலையிலேயே கரையும். சிகிரியாக் குன்றில் சார்க் நாட்டவருக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆனாலும் நால்வருக்குச் சேர்த்துப் பார்த்தால் அது சிறு தொகை அல்ல. எனவே வடக்கையும் மலைநாட்டையும் மட்டும் வைத்துக் கொள்வது ஏழு நாளுக்குப் பொருந்தும்.

முதல் நாள் காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணம். இரண்டாம் நாள் நல்லூர், கோட்டை, 1981-இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்ட பொது நூலகம். மூன்றாம் நாள் முழுவதும் கண்டிக்குச் செல்லும் பேருந்தில் கழியும். நான்காம் நாள் தலதா மாளிகையும் பேராதனைத் தாவரவியல் பூங்காவும். ஐந்தாம் நாள் ஹட்டன் வழியாக நுவரெலியா. ஆறாம் நாள் திரும்பும் பயணம். ஏழாம் நாள் கப்பல்.

கண்டியிலிருந்து பதுளை செல்லும் மலை ரயில் பாதை உலகப் புகழ் பெற்றது. 1924-இல் பதுளையை எட்டிய இப்பாதையில், பட்டிப்பொல நிலையம் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயலும் நிலச்சரிவுகளும் அந்நாட்டில் 600-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்ததோடு, இப்பாதையையும் பல இடங்களில் சிதைத்தன. எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்பதை அறிந்தே திட்டமிட வேண்டும். பேருந்து எப்போதும் மாற்றுவழி, செலவும் குறைவு.

நால்வர் செல்வதால் அறை வாடகையும் ஆட்டோக் கட்டணமும் நான்காகப் பிரியும். பொதுப்பணத்தை ஒருவரிடம் ஒப்படைத்து அன்றாடம் இரவில் கணக்குப் பார்த்துவிட்டால் நட்பும் கெடாது. காலத்தைத் தேர்வதும் செலவைக் குறைக்கும் வழியே. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பல் ஓடுவதில்லை. ஏப்ரல் நடுவில் சித்திரைப் புத்தாண்டையொட்டி நுவரெலியாவில் கூட்டமும் வாடகையும் மலையளவு உயரும். பிப்ரவரி இறுதி முதல் மார்ச் வரையிலான நாள்களே ஏற்றவை.

இரண்டு டெய்லர்கள்

ஆயினும் தங்கவயல் தமிழருக்கு அந்த மலைநாடு வெறும் காட்சிப் பொருளாக இருக்க முடியாது. 1867-இல் கண்டி மாவட்டத்து லூல்கந்தூராத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தேயிலை பயிரிட்டார். காப்பிச் செடிகளை நோய் அழித்தபின் தேயிலை மலையெங்கும் பரவியது. 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கோலாரில் சுரங்கப் பணியைத் தொடங்கியது. இரண்டு டெய்லர்களுக்கும் உறவில்லை. ஆனால் இருவரின் மூலதனமும் தேடியது ஒரே மக்களை: பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் நிலமற்று நின்ற தமிழ் உழைப்பாளிகளை. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களின் ஒடுக்கப்பட்ட மக்கள் பெருமளவில் கோலாருக்கு வந்தனர். மதுரை, திருச்சி, திருநெல்வேலிச் சீமைகளின் மக்கள் கடல் கடந்தனர். இங்கே அவர்களை அடைத்த வரிசை வீடுகளுக்கு லைன் என்று பெயர், அங்கே லயம். ஒரே சொல்தான் இரண்டு வடிவில் வழங்குகிறது.

பின்னர் நிகழ்ந்தவையும் ஒன்றையொன்று ஒத்தவையே. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுடைய கருத்தைக் கேட்காமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974-இல் முடிவு செய்யப்பட்டது. திரும்பி வந்தோரில் ஒரு பகுதியினர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களுக்கும் அனுப்பப்பட்டனர். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. தங்கவயலிலோ, சுமார் 800 டன் தங்கத்தை எடுத்துக் கொடுத்த சுரங்கம், லாபமில்லை என்ற ஒரே காரணத்தால் மூடப்பட்டது. தொழிலாளர் வாழ்ந்த வீடுகளின் உரிமையும் பாக்கித் தொகையும் நெடுங்காலப் போராட்டமாயின.

ஆகவே, ஐந்தாம் நாள் ஹட்டனில் இறங்குவோர் பச்சை மலைச்சரிவுகளை மட்டும் படம் பிடித்துத் திரும்பினால் பாதியைத்தான் பார்த்தவர்கள் ஆவர். அச்சரிவுகளில் கொழுந்து பறிப்போருக்கு 2024-இல் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாள் ஊதியம் 1,350 இலங்கை ரூபாய். ஓர் இந்திய ரூபாய் மூன்று இலங்கை ரூபாய்க்கும் மேல் என்பதால், நம் கணக்கில் அது ரூ.450-க்கும் குறைவே.

கப்பல் யாருக்கு?

இந்த ஊதியத்தை மனத்தில் வைத்துக் கப்பல் கட்டணத்தைப் பார்க்க வேண்டும். நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் சேவையை 2023 அக்டோபர் 14-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி காணொலி வாயிலாகத் தொடங்கி வைத்தார். அப்போது அறிவிக்கப்பட்ட ஒருவழிக் கட்டணம் ரூ.6,500. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ரூ.7,670. போக வர ஆளுக்கு ரூ.15,340, நால்வருக்கு ரூ.61,360. ஒரு தோட்டத் தொழிலாளி அக்கரையிலிருந்து இக்கரைக்கு ஒருமுறை வர, அந்த ஊதியத்தில் பதினேழு நாளுக்கு மேல் உழைக்க வேண்டும். தொடங்கிய சேவையும் பருவமழை காரணமாகச் சில நாள்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்ட் 16-ஆம் தேதி சுமார் 150 பேர் செல்லத்தக்க சிவகங்கை என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. கட்டணம் குறைவதற்காக மாதந்தோறும் 2.5 கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் மத்திய அரசு உதவியளிக்க முன்வந்தது. காங்கேசன்துறைத் துறைமுகச் சீரமைப்புக்கு 6.15 கோடி டாலர் தருவதாகவும் அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் இழப்பை ஈடுகட்ட மானியம் தரும் அரசே, சாமானியரின் பயணச்சீட்டில் 18 சதவீத வரியையும் வைத்தது ஏன் என்ற கேள்வி எழாமல் இராது.

வரலாற்றை நோக்கினால் இக்கேள்வி மேலும் கூர்மை பெறுகிறது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து புறப்பட்ட போட் மெயில் பயணிகள் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் கொழும்பு சென்றனர். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் போரால் நின்றது. தோட்டங்களுக்குக் கூலிகள் தேவைப்பட்ட காலத்தில், அவர்களை ஏற்றிச் செல்ல மலிவான வழியை ஆங்கிலேய அரசு தடையின்றித் திறந்து வைத்திருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் உறவும் வரலாறும் காணச் செல்லும் காலத்தில் அவ்வழி பருவத்துக்கு ஒருமுறை அடைபடுகிறது.

ராமேசுவரம் - தலைமன்னார் கப்பலை மீண்டும் இயக்குவது குறித்து இரு நாட்டுத் தலைவர்களும் 2024 டிசம்பரில் புதுதில்லியில் பேசினர். அது நடைமுறைக்கு வந்து, பயணச்சீட்டு மீதான வரிச்சுமையும் நீங்குமானால், மாரிக்குப்பம் ரயிலில் நின்றபடி வேலைக்குச் செல்லும் இளைஞனும் ஒரு வார விடுப்பில் ஹட்டன் லயத்துத் திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்த இயலும். அங்குள்ளோர் தங்கவயலின் சயனைடு மண் மேடுகளைக் காண வருவதும் அப்போது கனவாக இராது.