பெயர் நான்கு, கம்பி ஒன்று

ஊரில் ஒரு கடை கைமாறினால் பெயர்ப்பலகை மாறும். ஆனால் சனம் பழைய பெயரைச் சொல்லியே சாமான் வாங்கப் போகும். நியூயோர்க் நகரத்தின் ரெலிபோன் கொம்பனியின் கதையும் இதுதான். வீட்டுக்கு வந்த கம்பி மாறவில்லை. பில்லில் இருந்த பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது.

1896இல் தொடங்கிய இக்கொம்பனியின் முதற்பெயர் நியூயோர்க் ரெலிபோன். நாடு முழுவதும் பரந்திருந்த பெல் குடும்பத்தில் இதுவும் ஒன்று. தாய்க் கொம்பனி ஏ.ரி. அன்ட் ரி. இந்த ஏகபோகத்தை எதிர்த்து அமெரிக்க அரசு 1974இல் வழக்குத் தொடர்ந்தது. 1982இல் இணக்கம் ஏற்பட்டு, 1984 ஜனவரி 1ஆம் திகதி குடும்பம் பிரிந்தது. 22 உள்ளூர்க் கொம்பனிகள் ஏழு பிராந்தியக் கொம்பனிகளின் கீழ் வந்தன. நியூயோர்க்கும் நியூ இங்கிலாந்தும் சேர்ந்த பிராந்தியத்துக்கு, அவற்றின் முதலெழுத்துகளோடு ஓர் எக்ஸ் சேர்த்து நைனெக்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

இப்பிரிவினை எங்கள் சனத்தையும் தொட்டது. உள்ளூர்க் கொம்பனிகள் தூர அழைப்புச் சேவை நடத்தத் தடை இருந்தது. குயீன்சிலிருந்து கொழும்புக்குப் பேசினால் வீட்டுக் கம்பி நைனெக்சுடையது. கடல் கடந்த அழைப்போ ஏ.ரி. அன்ட் ரி., எம்.சி.ஐ., ஸ்பிரின்ற் போன்ற ஒன்றினுடையது. அந்தப் போட்டியில் சில கொம்பனிகள் வாடிக்கையாளரைக் கேட்காமலே தம் பக்கம் மாற்றிவிட்டன. பரிசுச் சீட்டென்று நினைத்து ஒப்பமிட்ட தாளின் சிறிய எழுத்துக்குள் மாற்றச் சம்மதம் ஒளிந்திருந்ததும் உண்டு. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவருக்கு அடுத்த மாதப் பில்தான் செய்தி சொன்னது. உறுதிப்படுத்தாமல் இப்படி மாற்றுவதை 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் தடைசெய்தது.

1997 ஓகஸ்டில் நைனெக்ஸ், இன்னொரு பிராந்தியக் கொம்பனியான பெல் அற்லாண்ரிக்குடன் இணைந்தது. பில்லில் மூன்றாவது பெயர் வந்தது. 1999 டிசம்பரில் நியூயோர்க்கில் தூர அழைப்புச் சேவை நடத்த அதற்கு அனுமதி கிடைத்தது. பிரிந்த பெல் கொம்பனிகளில் இவ்வனுமதியை முதலிற் பெற்றது இதுவே. 2000இல் ஜி.ரி.ஈ. கொம்பனியுடன் இணைந்து நான்காவது பெயரைச் சூடியது: வெரைசன். உண்மை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லையும், தொடுவானம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் ஒட்டிச் செய்த பெயர் அது.

புதிதாகக் குடியேறியவர்கள் இதிலிருந்து அறிய வேண்டியது ஒன்றுண்டு. கொம்பனி பெயர் மாற்றினால் அதற்காக உங்கள் இலக்கம் மாறாது; நீங்கள் புதிதாக ஒப்பமிடவும் தேவையில்லை. “உங்கள் கொம்பனியின் பெயர் மாறிவிட்டது, சமூகப் பாதுகாப்பு இலக்கத்தைச் சொல்லுங்கள்” என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். பழைய பில்லை எடுத்து, அதில் அச்சிட்ட இலக்கத்துக்கு நீங்களே அழைத்து விசாரியுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் இதை இன்றே சொல்லி வையுங்கள்.