திருமலைக் கரையிலிருந்து தெரியும் தூரங்கள்

திருகோணமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. நிலாவெளிக் கரையில் நின்று பார்த்தால், துருவ நட்சத்திரமும் வடக்கு அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய அதே எட்டரைப் பாகையில்தான் நிற்கும். நீட்டிய கையின் மடக்கிய முட்டி சுமார் பத்துப் பாகை. அதை அடிவானத்தின்மேல் வைத்தால் துருவன் மறைந்துவிடுவான். ஓர் ஊர் எத்தனை பாகை வடக்கே இருக்கிறதோ, அங்கே துருவன் அத்தனை பாகை உயரம். அரபு மாலுமிகள் ‘கமால்’ என்ற சிறு பலகையும் முடிச்சிட்ட கயிறும் கொண்டு இந்துமாக்கடலில் வழி கண்டது இந்தக் கணக்கால்தான்.

துருவன் இவ்வளவு தாழ்ந்து நிற்பதால் தெற்கு வானம் நமக்குத் திறந்து கிடக்கிறது. இலண்டனில் ஒருநாளும் உதிக்காத விண்மீன்கள் இங்கே தாராளமாகத் தெரியும். காலமும் ஒத்துவருகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவு வாங்கிக்கொள்ள, கிழக்குக்கு வறண்ட கச்சான் காற்றுத்தான் வரும். தெற்கு வானம் பார்க்க நல்ல மாதங்களும் அவைதான்.

மே நடுப்பகுதியில் இரவு ஒன்பது மணிபோல டச் பேயில் நின்று மூதூர்ப் பக்கம் பாருங்கள். தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதற்கு இடப்புறம் இரண்டு பிரகாசமான விண்மீன்கள். சிலுவைக்குத் தள்ளி இருப்பது அல்பா சென்டோரி. சூரியனை விட்டால், வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களில் நமக்கு மிக அருகில் உள்ளது அதுதான். ஒளி ஒரு வினாடியில் சுமார் 3 இலட்சம் கி.மீ. செல்லும். சூரிய ஒளி இங்கே வர எட்டு நிமிடம் போதும். அல்பா சென்டோரியின் ஒளிக்கு 4.4 ஆண்டுகள் வேண்டும். ஆகவே அது 4.4 ஒளியாண்டு தூரம். ஓர் ஒளியாண்டு சுமார் 9.46 இலட்சம் கோடி கி.மீ.

துருவன் இருப்பது சுமார் 440 ஒளியாண்டில். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்தார்கள். இன்றிரவு நம் கண்ணில் படும் துருவ ஒளி, அந்தப் பழைய கோயில் மலைமேல் நின்ற காலத்தில் புறப்பட்டது. வானத்தைப் பார்ப்பது கடந்த காலத்தைப் பார்ப்பது என்பது இதனால்தான்.

சிலுவைக்கு மேலே, சற்று இடமாக, மங்கிய புகைப்பொட்டு ஒன்று தெரியலாம். விடுதி விளக்குகள் எட்டாத இடம் வேண்டும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது பொறுக்க வேண்டும். ஒமேகா சென்டோரி என்ற அந்தப் பொட்டில் சுமார் ஒரு கோடி விண்மீன்கள் திரண்டிருக்கின்றன. தூரம் 17,000 ஒளியாண்டு. முன்பு நம் பேரடை விழுங்கிய ஒரு சிறு பேரடையின் எஞ்சிய நடுப்பகுதி அது என்று வானியலாளர் பலர் கருதுகிறார்கள்.

பேரடை என்பது கோடிக்கணக்கான விண்மீன்கள் ஈர்ப்பால் கட்டுண்ட கூட்டம். நம்முடையது பால்வீதி: ஏறத்தாழ 1 இலட்சம் ஒளியாண்டு அகலமான தட்டு. நாம் அந்தத் தட்டுக்குள்ளேயே இருந்து பார்ப்பதால் அது வெண்ணிறப் பட்டையாகத் தெரிகிறது. ஜூலை இரவுகளில் விருச்சிகத்தின் வாலுக்கும் தனுசுக்கும் அருகே அந்தப் பட்டை பருத்திருக்கும் பக்கமே அதன் மையம். தூரம் 26,000 ஒளியாண்டு. சூரியனைப்போல் 40 இலட்சம் மடங்குக்கும் மேல் நிறையுள்ள கருந்துளை அங்கே இருக்கிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் நம் பேரடைக்குள் அடங்கியவை. வெளியே உள்ள பேரடைகள் பத்தாயிரம் கோடிக்கும் மேல் என்று கணிக்கிறார்கள். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு. வேறு பேரடைகளை வெறுங்கண்ணால் காண, மழை ஓய்ந்திருந்தால், தை அமாவாசை இரவு தோதானது. அன்று நிலவு இல்லை. எட்டு மணியளவில் தெற்கே தாழ்வாகப் பெரிய மகெல்லன் மேகம், 1,60,000 ஒளியாண்டில். 1987 பெப்ரவரியில் அதில் ஒரு விண்மீன் வெடித்தது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அதே நேரம் வடமேற்கே அந்திரோமேடா, 25 இலட்சம் ஒளியாண்டில். மனிதக் கண் கருவியில்லாமல் எளிதாக எட்டக்கூடிய ஆகத் தொலைவு அதுதான்.