மூளையைத் தாக்கும் நீர் அமீபா

2024ஆம் ஆண்டு மே முதல் ஜூலை வரை, கேரளத்தின் மலப்புறம், கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களைச் சேர்ந்த சிறார் மூவர் அமீபாவினால் உண்டாகும் மூளைக் காய்ச்சலுக்கு இரையாயினர். அதே ஜூலையில் கோழிக்கோடு மாவட்டத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் இந்நோயினின்று பிழைத்தான். அவன் குளத்தில் குளித்திருந்த செய்தி மருத்துவருக்கு உடனே தெரிவிக்கப்பட்டமையால் சிகிச்சை தாமதமின்றித் தொடங்கிற்று.

நெக்லேரியா ஃபௌலேரி என்னும் அமீபா, வெதுவெதுப்பான நன்னீரில் பாக்டீரியாக்களை உண்டு வாழும் ஓரணு உயிராகும். இது விளைவிக்கும் நோயை ஆஸ்திரேலியாவில் ஃபௌலர், கார்ட்டர் என்னும் இருவர் 1965இல் விவரித்தனர். மூக்கினுள் நீர் புகும்போது அமீபாவும் உடன் புகுந்து, நுகர்ச்சி நரம்பின் வழியே சல்லடை எலும்பைக் கடந்து மூளையை அடைகின்றது. நீரைப் பருகுவதால் இந்நோய் வாராது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதுமில்லை.

நீர் புகுந்த 1 முதல் 12 நாட்களுக்குள் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு ஆகியன தோன்றும். பாக்டீரியாவினால் உண்டாகும் மூளையுறை அழற்சிக்கும் இவையே அறிகுறிகளாதலின், இரண்டையும் பிரித்தறிதல் எளிதன்று. இடுப்புப் பகுதியில் ஊசி செலுத்தி எடுக்கப்படும் தண்டுவட நீரிலும் இரு நோய்களிலும் சீழணுக்கள் மிகுந்தும் சர்க்கரை குறைந்தும் காணப்படும். ஆயினும் பாக்டீரியா எதுவும் தென்படாவிடில் அமீபாவை ஐயுறல் வேண்டும். அந்நீரைக் குளிரூட்டாமல் உடனே உருப்பெருக்கியின் கீழ் நோக்கினால் அமீபா ஊர்ந்து செல்வதைக் காணலாம். குளிர்ந்தால் அதன் அசைவு ஒடுங்கிவிடும். பி.சி.ஆர். என்னும் மரபணுப் பரிசோதனை நோயை உறுதி செய்யும்.

சிகிச்சையில் ஆம்ஃபோடெரிசின் பி, ரிஃபாம்பிசின், ஃப்ளூகோனசோல், அசித்ரோமைசின் முதலிய மருந்துகள் சேர்த்தளிக்கப்படுகின்றன. காலா அசார் நோய்க்குப் பயன்படும் மில்டெஃபோசினும் இவற்றுடன் தரப்படுகிறது. மூளை வீக்கத்தைத் தணிக்கவும் மருந்துண்டு. எனினும், அமெரிக்காவில் இந்நோய் கண்டோருள் 100க்கு ஏறத்தாழ 97 பேர் மாண்டுள்ளனர். நோய் முற்றியபின் மருந்தின் ஆற்றல் பெரிதும் குன்றிவிடுகிறது.

ஆகவே தடுப்பே சிறந்தது. கோபாலபுரம் போன்ற கேரள எல்லைப்புற ஊர்களில் ஏரி, குளங்களில் நீராடுவது வழக்கம். கோடையில் தேங்கி வெப்பமுற்ற நீரில் குதித்தலையும் மூழ்குதலையும் தவிர்க்க வேண்டும். குளிக்க நேரின் மூக்கை அடைத்துக் கொள்ளலாம். மூக்கைக் கழுவக் கொதித்தாறிய நீரையே கொள்க. நீச்சல் குளங்களுக்குக் குளோரின் இடுதல் இன்றியமையாதது. நீராடிய சில நாட்களில் காய்ச்சலும் கடுந்தலைவலியும் கண்டால், மருத்துவர் வினவுமுன்னரே நீராடிய செய்தியை அவரிடம் கூறுதல் வேண்டும். அவ்வொரு சொல் உயிரைக் காக்கவும் கூடும்.